தார் ஏறாத சடக்கு

ஜொகூர் மாநிலத்தின் ரெங்கத்திலிருந்து வடக்கே குளுவாங்குக்கும் மேற்கே சிம்பாங் ரெங்கத்துக்கும் தெற்கே லாயாங் லாயாங்குக்கும் தார்ச் சடக்கு ஓடுகிறது. வழியில் இடமோ வலமோ திரும்பினால் செம்மண். செம்பனை மரங்களுக்கு நடுவே நேராகப் போய், ஓடைக்கு இறங்கி, மேட்டில் ஏறி, இன்னொரு மண் சடக்கோடு சேர்ந்து, ஏதோ ஒரு லயத்திலோ ஆலையிலோ போய் முடிகிற பாதைகள். பலவற்றுக்குப் பெயர் கிடையாது. தோட்டத்துக் கணக்கில் பிரிவு எண்ணும் கட்டம் எண்ணும் இருக்கும், அவ்வளவுதான்.

நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஜொகூர்த் தமிழர்கள் நடந்த நடையில் பெரும்பகுதி இந்த மண்ணின் மேல்தான். விடியுமுன் பால் வெட்டப் போனதும், பிள்ளைகள் காலணியைக் கையில் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனதும், பிரசவ வலி கண்டவளை டிராக்டரில் ஏற்றிப் போனதும், திருவிழாவுக்குச் சாமி புறப்பட்டதும், கடைசியாகச் சுடுகாட்டுக்குப் போனதும் இதே வழியில். நம் கதைகளில் லயமும் பால்மரமும் கங்காணியும் வந்த அளவுக்கு இந்தச் சாலை வந்ததில்லை. பாத்திரங்கள் அதன் மேல் நடந்து போவார்கள். அதை யார் போட்டது, எதற்காகப் போட்டது, மழையில் கரைந்தால் யார் சரி செய்வது என்ற கேள்விகள் எழுவதில்லை. அந்தக் கேள்விகளுக்குள்தான் தோட்ட வாழ்க்கையின் கணக்கு மறைந்திருக்கிறது.

மழை விட்ட மறுநாள் காலையில் செம்பனைக் குலை ஏற்றப் போகும் லோரிக்காரர் சாலையைப் படிக்கிற விதமே தனி. மண் கருஞ்சிவப்பாக மினுங்கினால் மேலே வெறும் களி. பிரேக்கில் கால் வைக்கக்கூடாது. ஆரஞ்சு நிறத்தில் மங்கிக் கிடந்தால் சரளை பிடித்திருக்கிறது, தைரியமாகப் போகலாம். சக்கரத் தடத்தில் தண்ணீர் கலங்கி நின்றால் சற்று முன்புதான் ஒரு வண்டி கடந்திருக்கிறது. தெளிந்து கண்ணாடியாக நின்றால் விடிந்ததிலிருந்து யாரும் அந்தப் பக்கம் வரவில்லை என்று அர்த்தம்; ஆழம் தெரியாத குழியில் முதல் ஆளாக இறங்குவது புத்திசாலித்தனம் அல்ல. எதிரே வருகிறவரிடம் கேட்டுக்கொள்வதுதான் வழக்கம்.

“அண்ணே, உள்ள சடக்கு எப்படி?”

“மேடு பரவால்ல தம்பி. ஓடைப் பக்கம் ஒரு லோரி இறங்கிக் கிடக்கு. மோட்டார்னா ஓரமா போயிடலாம்.”

மண் சாலையின் பகை தண்ணீர். ஜொகூரின் இந்த உள்பகுதியில் ஆண்டுக்கு இரண்டு மீட்டருக்கு மேல் மழை கொட்டும். ஆகவே நல்ல தோட்டத்துச் சாலைக்கு முதுகு உண்டு. நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரிய வேண்டும், சரிந்த தண்ணீர் ஓரக் கால்வாயில் விழ வேண்டும், கால்வாய் அடைபடாமல் ஓடைக்குப் போய்ச் சேர வேண்டும். முதுகு தட்டையாகிவிட்டால் தண்ணீர் நடுவிலேயே தங்கும். தங்கிய இடத்தில் சக்கரம் இறங்கும். இறங்கிய தடமே அடுத்த மழைக்கு வாய்க்காலாகிவிடும். வெயிலும் இதில் ஒரு வேலைக்காரன். சாலையோரத்துச் செம்பனைகளின் மட்டைகள் மேலே கூடிப் பந்தல் போட்டால் கீழே மண் காயாது. அதனால் சாலைக்கு மேல் தாழ்ந்து வரும் மட்டைகளை வெட்டி வெளிச்சம் விடுவார்கள். ஏழெட்டு மட்டைகள் விழுந்ததும் ஈரம் குடித்துக் கிடந்த சாலை நாலே நாளில் இறுகிப் போவதைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள் அறிவார்கள்.

வறட்சிக் காலத்தில் வேறு தொல்லை. மேற்பரப்பு முழுவதும் குறுக்கே வரிவரியாக அலை எழும்பி, மோட்டாரில் போகிறவரின் பல் கிடுகிடுக்கும். இது வண்டியின் ஸ்பிரிங்கால் வருவது என்றுதான் நெடுநாள் நம்பிக்கை. 2007இல் இயற்பியலாளர்கள் மூவர், நிக்கோலா தாபெர்லே, ஸ்டீபன் மோரிஸ், ஜிம் மெக்கெல்வெய்ன், மணல் படுக்கையின் மேல் ஒரு சக்கரத்தை ஓயாமல் சுழலவிட்டுப் பார்த்தார்கள். ஸ்பிரிங் இல்லாத சக்கரமும் அதே அலையை எழுப்பியது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போனால் அலை எழுவதில்லை. ஆனால் அந்த வேகம் ஆள் நடக்கிற வேகத்தை ஒட்டியது. எந்த லோரியும் அப்படிப் போகாது. ஆக, மண் சாலையில் அலை வராமல் தடுக்க வழியில்லை. வந்ததைக் கிரேடர் வைத்துச் சீவி விடலாம், மறுபடி வரும், மறுபடி சீவ வேண்டும். தார் சாலையைப் போட்டுவிட்டுச் சில ஆண்டு மறந்திருக்கலாம். மண் சாலையை மறக்க முடியாது. அதற்குத் தேவை இடைவிடாத கவனிப்பு. அந்தக் கவனிப்பு யாருக்காக நடக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

ரெங்கத்தில் அது முதலில் ரப்பருக்காக நடந்தது. கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில் பாதை 1909இல் முடிந்தது. தண்டவாளத்தின் இரு பக்கமும் காடு விழுந்து பால்மரம் எழுந்தது. வெட்டிய பால் உறையுமுன் கொட்டகைக்கு வர வேண்டும், அங்கிருந்து ரப்பர்த் தகடாகி ரயிலடிக்கு வர வேண்டும். பாலைக் காண்டாக் கம்பில் தோளிலேயே சுமந்த காலத்தில் ஒற்றையடிப் பாதையே பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. செம்பனை வந்ததும் நிலைமை மாறியது. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் சிலாங்கூரின் தென்னமராமில் 1917இல் நடப்பட்டது. அடுத்த பத்தாண்டில் கத்ரி நிறுவனம் ஜொகூரின் இந்தப் பகுதிக்கு அதைக் கொண்டுவந்தது. லாயாங் லாயாங் பக்கத்து உலு ரெமிஸ் தோட்டத்தின் பெயர் இன்று உலகெங்கும் செம்பனை விதை ஆய்வாளர்களுக்குத் தெரியும். அங்கே தேர்ந்தெடுத்த தாய்மர வரிசை அந்தப் பெயராலேயே வழங்குகிறது.

பழுத்த குலை மரத்தைவிட்டு இறங்கியதும் கெடத் தொடங்கும். பழத்துக்குள்ளிருக்கும் நொதி எண்ணெயைச் சிதைத்து அமிலத்தைக் கூட்டிக்கொண்டே போகும். அடிபட்ட பழத்தில் இன்னும் வேகமாக. ஆகவே வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் வெந்தாக வேண்டும் என்பது தோட்டத்தின் எழுதாத சட்டம். ஒரு குலை இருபது கிலோவுக்கு மேலும் நிறுக்கும். அதைத் தலையில் சுமந்து மைல் கணக்கில் நடக்க முடியாது. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் லோரி நுழைய வேண்டும், மழையோ வெயிலோ தினமும் நுழைய வேண்டும். ரெங்கத்தைச் சுற்றி இவ்வளவு நெருக்கமாகச் செம்மண் சடக்குகள் பின்னியதற்குக் காரணம் மனிதர்களின் போக்குவரத்து அல்ல, இந்த 24 மணி நேரம்தான். குலை போகும் சாலைக்கு ரோலர் வந்தது. லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாதையில் குலை போகவில்லை என்றால் அது சேறாகவே கிடந்தது. இரண்டும் ஒரே வழியாக அமைந்த தோட்டத்துப் பிள்ளைகள் அதிர்ஷ்டசாலிகள்.

சாலை எங்கே இல்லை என்பதும் ஒருமுறை இங்கே உயிர் விஷயமாயிற்று. 1942 ஜனவரி கடைசி வாரம். ஜப்பானியப் படை வடக்கிலிருந்து இறங்கிவர, பிரிட்டிஷ் தரப்பின் 9ஆவது இந்திய டிவிஷன் ரயில் பாதையை ஒட்டிக் குளுவாங்கிலிருந்து ரெங்கத்துக்குப் பின்வாங்கியது. அதுவரை வண்டிகளும் பீரங்கிகளும் கூடவே வந்தன. ரெங்கத்துக்குத் தெற்கே அப்போது தொடர்ச்சியான சாலை கிடையாது; தண்டவாளமும், தோட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி முடிகிற மண் சடக்குகளும்தான். எனவே பீரங்கிகளையும் வண்டிகளையும் மேற்கே பெருஞ்சாலைப் பக்கம் அனுப்பிவிட்டு, காலாட்படை பீரங்கித் துணை இல்லாமல் தண்டவாளத்தோடு நடந்தது. லாயாங் லாயாங் அருகே ஒரு ரயில் பாலம் உரிய நேரத்துக்கு முன்பே தகர்க்கப்பட்டது. பின்னால் இருந்த 22ஆவது பிரிகேடுக்கும் மற்றவர்களுக்கும் தொடர்பு அறுந்தது. நிலைமையை நேரில் பார்க்கத் தண்டவாளத்தில் போன டிவிஷன் தளபதி பார்ஸ்டோ ஜனவரி 28 அன்று சுடப்பட்டு இறந்தார். சீக்கியரும் கர்வாலியரும் இருந்த அந்த பிரிகேட், காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு காட்டிலும் தோட்டத்திலும் திசை தேடி அலைந்தது. சில நூறு பேராகத் தேய்ந்து பிப்ரவரி தொடக்கத்தில் சரணடைந்தது. ஜப்பானியர் இதே தோட்டத்துப் பாதைகள் வழியாகத்தான் அவர்களைச் சுற்றி வளைத்துப் போனார்கள். ஆலைக்குப் போட்ட சாலை ஆலைக்குத்தான் கொண்டுபோய் விடும். தப்பிக்க நினைத்தவர்களுக்கு அது உதவவில்லை.

உலகத்தின் மறுகோடியில் இதே கணக்கில் போட்ட ஒரு மண் நெடுஞ்சாலை இருக்கிறது. அலாஸ்காவின் டால்டன் நெடுஞ்சாலை ஃபேர்பேங்ஸ் நகருக்கு வடக்கே தொடங்கி, ஆர்க்டிக் கடலோரத்து டெட்ஹார்ஸ் வரை 666 கிலோமீட்டர் ஓடுகிறது. ப்ருடோ விரிகுடாவில் எண்ணெய் கிடைத்தது; அதைத் தெற்கே கொண்டுவர 1,288 கிலோமீட்டர் குழாய் தேவைப்பட்டது; குழாய் போட லோரி போக வேண்டும். யூக்கான் ஆற்றிலிருந்து கடல் வரை சுமார் 580 கிலோமீட்டரை 1974இல் ஏப்ரல் இறுதியிலிருந்து செப்டம்பர் இறுதிக்குள், ஐந்தே மாதத்தில் போட்டு முடித்தார்கள். 1977இல் எண்ணெய் ஓடத் தொடங்கியது. பொதுமக்கள் கடைசிவரை போகலாம் என்று சாலை முழுவதும் திறக்கப்பட்டது 1994இல்தான். வழியில் ஊர் என்று சொல்லத்தக்கவை கோல்ட்ஃபுட், வைஸ்மன், டெட்ஹார்ஸ் மூன்றே. கோல்ட்ஃபுட்டைத் தாண்டினால் 386 கிலோமீட்டருக்கு எண்ணெய்க் கடையோ சாப்பாட்டுக் கடையோ கிடையாது.

அங்கே பகை பனிக்கட்டி. நிலத்துக்கு அடியில் காலங்காலமாக உறைந்து கிடக்கும் மண்ணின் மேல் சாலையைத் தூக்கி நிறுத்த வேண்டும். கீழே இருப்பது இளகிவிட்டால் மேலே இருப்பது அமிழ்ந்துவிடும். அதனால் சரளையை ஆள் உயரத்துக்கு மேடாகக் கொட்டி, வெயிலின் சூடு கீழே இறங்காதபடி அதையே போர்வையாக்கினார்கள். சாலையின் சில பகுதிகளில் இப்போது தார் உண்டு. ஆனால் நிலம் அமிழும் இடங்களில் தார் விரிந்து உடையும். கறுப்பு வெயிலைக் குடித்து அடிமண்ணை இன்னும் சூடாக்கும். சரளை அமிழ்ந்தால் மேலே இன்னொரு லோரி சரளையைக் கொட்டிச் சமன் செய்துவிடலாம். புழுதி பறக்காமலிருக்கக் கால்சியம் குளோரைடு தெளிக்கிறார்கள். 2015 வசந்தத்தில் சகவனிர்க்டொக் ஆறு பெருகிச் சாலையை வாரக் கணக்கில் மூடியது; இரவு பகலாகச் செப்பனிட்டு, மேட்டை உயர்த்திக் கட்டினார்கள். மலைச்சரிவிலிருந்து உறைந்த மண்ணும் மரமுமாக மெல்ல நகர்ந்து இறங்கிய ஒரு பெருங்குவியல் சாலையை நெருங்கியபோது, 2018இல் சாலையையே தள்ளிப் போட்டார்கள்.

இத்தனையும் மூன்று சிற்றூர்களுக்காக அல்ல. அந்தச் சாலையில் எண்ணெய் வயலுக்கான சாமான் போகிறது. மிகக் கடுமையான குளிரில், உறைந்த நிலத்தின் மேல், ஒரு மண் சாலையைக் குளிர்காலம் முழுவதும் லோரி ஓடும் நிலையில் வைத்திருக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. ரெங்கத்து மழையையும் களியையும் காரணம் காட்டிக் கைவிரிக்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கனடாவின் வடமேற்கில் இன்னொரு கதை. டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை டாசன் நகருக்கு அருகிலிருந்து இனுவிக் வரை 740 கிலோமீட்டர், பெரும்பாலும் சரளை; 1979இல் திறந்தது. அதற்கு அப்பால் கடற்கரையில் துக்தோயாக்துக் என்ற சுமார் ஆயிரம் பேர் வாழும் இனுவியாலுயிட் மக்களின் ஊர். முன்பெல்லாம் அங்கே குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல் ஓட்டிப் போனார்கள். மற்ற மாதங்களில் விமானமோ படகோதான். சாலை வேண்டும் என்று பல பத்தாண்டுகள் கேட்டார்கள். 2014இல் வேலை தொடங்கியது. நிலத்தின் மேல்தோல் கிழியாதபடி, உறைந்திருக்கும் குளிர்காலத்தில் மட்டுமே பெரும்பாலும் சரளை கொட்டினார்கள். அடியில் துணிபோன்ற ஒரு விரிப்பைப் பரப்பி அதன் மேல் மண்மேடு எழுப்பினார்கள். 138 கிலோமீட்டர் சாலை 2017 நவம்பர் 15 அன்று திறந்தது. இப்போதும் கோடையில் சில இடங்கள் இளகுகின்றன, சரளை கொட்டி நிரப்புகிறார்கள். மண் சாலைதான், மேடுபள்ளம்தான். ஆனாலும் பாதையின் முடிவில் இருக்கும் மக்கள் கேட்டு, அவர்களுக்காகவும் போடப்பட்ட சாலை.

குளுவாங் மாவட்டத்திலிருந்தே இதற்கு ஒப்பான ஒரு நீண்ட மண் சாலை புறப்படுகிறது. குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் வழியில் கஹாங் வரை தார். கஹாங்கிலிருந்து வடக்கே திரும்பினால் கம்போங் பெத்தா வரை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், செம்பனைத் தோட்டங்களையும் மரம் வெட்டிய காடுகளையும் ஊடறுத்துச் செம்மண். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் இரண்டு மணி நேரம் பிடிக்கும். மழைக் காலத்தில் அந்தக் கணக்கு செல்லாது. சாலையில் யானைச் சாணம் கிடக்கும். முடிவில் எண்டாவ் ஆற்றங்கரையில் ஜாக்கூன் பூர்வகுடி மக்களின் கிராமம், ஒரு தொடக்கப் பள்ளி, எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் வாசல்.

இந்தக் காடு தப்பியதே ஒரு போராட்டத்தால். 1977இல் பகாங் மாநில அரசு எண்டாவ் ரொம்பினில் மரம் வெட்ட உரிமம் கொடுத்தபோது நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. அடுத்த ஆண்டு வெட்டு நின்றது. 1985, 86இல் மலாயா இயற்கைக் கழகம் பெரிய ஆய்வுப் பயணம் நடத்தியது. விசிறி இலைப் பனை ஒன்று அங்கேதான் அறிவியலுக்குப் புதிதாகக் கிடைத்தது. எண்டாவின் பெயரால் லிவிஸ்டோனா எண்டாவென்சிஸ் என்று 1987இல் பெயரிட்டார்கள். சுமத்ரா காண்டாமிருகம் அப்போது அந்தக் காட்டில் நடமாடியது. இன்று மலேசியாவில் எங்கும் இல்லை. நாட்டின் கடைசிக் காண்டாமிருகம் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது.

ஆகவே பெத்தா சாலைக்குத் தார் வேண்டும் என்று ஒரே வரியில் எழுதிவிட முடியாது. அகலமான தார்ச் சாலை வந்தால் நோயாளி நேரத்துக்குக் குளுவாங் மருத்துவமனை சேர்வார். வேட்டைக்காரனும் அதே வேகத்தில் உள்ளே வருவான். யானை கடக்கும் இடங்களில் லோரி எண்பதில் பறக்கும். காட்டுக்காக வாதாடுகிறவர்கள் இந்தப் பயத்தைச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்துக்கான விலையைச் சேற்றில் சிக்கிய வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஜாக்கூன் தாய் மட்டும் கொடுப்பது நியாயமே அல்ல. தார் போடாமலேயே சாலையை நல்ல நிலையில் வைக்க முடியும். முதுகு எடுத்து, கால்வாய் தோண்டி, ஓடை கடக்கும் இடங்களில் போதிய அகலத்துக்குச் சிமெண்டுக் குழாய் பதித்து, செங்குத்தான ஏற்றங்களுக்கு மட்டும் கல் பாவி, வேகத்தைக் குறைவாகவே வைத்துக்கொள்ளலாம். காட்டுக்கும் கெடுதல் இல்லை, ஆளுக்கும் கெடுதல் இல்லை. அதற்கு யார் பொறுப்பு என்பதில்தான் காரியம் நின்றுபோகிறது.

ரெங்கத்துத் தோட்டச் சடக்குகளுக்கும் இதே சிக்கல். மலேசிய அரசமைப்பின் 109ஆவது பிரிவின்படி மத்திய அரசு மாநிலங்களுக்குச் சாலை மானியம் கொடுக்கிறது. எவ்வளவு என்பது மாநிலச் சாலைகளின் நீளத்தைப் பொறுத்தது. மாரிஸ் என்ற பதிவேட்டில் ஏறிய சாலைக்குத்தான் அந்தப் பணம். தோட்டத்துச் சாலை நிறுவனத்தின் தனிச்சொத்து, பதிவேட்டில் ஏறாது. நிறுவனம் குலை போகும் வரை பராமரிக்கும். மறுநடவுக்காக ஒரு பகுதியில் மரம் விழுந்துவிட்டால், அல்லது ஆலை வேறு பக்கம் மாறிவிட்டால், அந்தச் சடக்கு அதன் பார்வையிலிருந்து மறைந்துவிடும். நிலம் கைமாறினால் புதியவர் குறுக்கே கம்பிக் கதவு போட்டுப் பூட்டுவார். உள்ளே இன்னும் நாலு குடும்பம் இருக்கலாம். ஒரு மாரியம்மன் கோயில் இருக்கலாம். பெற்றோரைப் புதைத்த இடம் இருக்கலாம். பட்டணத்துக்கும் சிங்கப்பூருக்கும் குடிபோன பிள்ளைகள் ஆண்டுத் திருவிழாவுக்கு வரும்போது காவலாளியிடம் அடையாள அட்டையை நீட்டி, தாங்கள் பிறந்த சாலையில் நுழைய அனுமதி கேட்கிறார்கள்.

இதற்குப் பெரிய திட்டம் ஒன்றும் தேவையில்லை. கோயிலுக்கும் இடுகாட்டுக்கும் மீந்திருக்கும் லயத்துக்கும் போகும் சடக்கைத் தோட்ட வரைபடத்தில் தனியாகக் குறித்து, நிலம் கைமாறும்போதும் வீடமைப்புக்கு மாற்றும்போதும் பொது வழியாக ஒதுக்கச் சொல்லி மாவட்ட நில அலுவலகத்தில் இப்போதே கேட்க வேண்டும். கதவு பூட்டிய பிறகு கேட்டால் வழக்குதான் மிஞ்சும். பொதுவழி ஆனால்தான் பதிவேட்டில் ஏற்றும் பேச்சையே தொடங்க முடியும். கோயில் நிர்வாகங்கள் கையில் பழைய தோட்ட வரைபடமோ திருவிழாப் புகைப்படமோ வாய்மொழிச் சாட்சி சொல்லும் பெரியவர்களோ இருந்தால் அதை எழுதி வைத்துக்கொள்வது உதவும். வயதானவர்களோடு போய்விடக்கூடிய சாட்சியம் அது. இதற்கிடையே இருக்கும் சாலையையும் காக்க வேண்டும்; வடகிழக்குப் பருவமழை நவம்பரில் இறங்கும். 2006 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளத்தில் ஜொகூரில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. 2023 மார்ச்சில் கொட்டிய மழை குளுவாங்கையும் யோங் பெங்கையும் மறுபடி மூழ்கடித்தது. கிரேடர் அக்டோபருக்குள் வந்தாக வேண்டும், குலை ஏற்றும் கட்டங்களுக்கு மட்டுமல்ல, கஹாங்குக்கு வடக்கே அந்த ஐம்பது சொச்சம் கிலோமீட்டருக்கும்.